நாக்கும் சட்டமும்: வட்டக்கானலில் ஒரு ஜப்பானியப் பேல் ஏல்

1

கடந்த குளிர்காலத்தில் மூன்று நாட்கள் வட்டக்கானலில் இருக்க வாய்த்தது. கொடைக்கானல் நகரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். பாம்பார் சோலையை ஒட்டி, டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குகிற பாதையில் தொங்கிக்கொண்டிருக்கிற ஊர். இராணுவச் சேவை முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் இஸ்ரேலிய இளைஞர்கள் பல ஆண்டுகளாக வந்து தங்கித் தங்கி 'லிட்டில் இஸ்ரேல்' என்று பெயர் வாங்கிவிட்டது. நாங்கள் தங்கிய வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. நடத்துகிறவர் அறுபதை நெருங்குகிறவர். பெரியகுளம் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். பல வருஷம் கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு, பிறகு மனைவியோடு சேர்ந்து கடை போட்டிருக்கிறார்.

தோக்கியோவில் வேலை பார்க்கும் நண்பர் ஐந்து டப்பா பீர் கொண்டுவந்திருந்தார். விமானத்தில் வருகிற ஒருவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 350 மில்லி டப்பா ஆறு என்றால் 2100 மில்லி ஆகிவிடும், எனவே ஐந்து. நாம் பேசப்போகும் விஷயத்தில் சட்டம் இப்படித் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பீரின் பெயர் 'யொனா யொனா ஏல்'. 'ராத்திரிக்கு ராத்திரி' என்று பொருள். டப்பாவின் மேல் இரவும் மஞ்சள் நிலாவும். ஜப்பானில் சூப்பர் மார்க்கெட்டிலும் இருபத்து நாலு மணிநேரக் கடையிலும் கிடைக்கிற சரக்கு. ஆல்கஹால் 5.5 சதம். அதைச் 'சுவைத்துப் பார்ப்பது' என்று ஏற்பாடு. 'குடிப்பது' என்று சொல்லாமல் 'சுவைத்துப் பார்ப்பது' என்று சொன்னபோது எங்களுக்குள் ஒரு கூச்சச் சிரிப்பு ஓடியது. இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் இக்கட்டுரையின் விஷயம்தான்.

நண்பர் பயிற்சி உள்ளவர். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முகர்ந்து, ஒரு மிடறு வாயில் நிறுத்தி விழுங்கிவிட்டுச் சொன்னார்: 'கிரேப்ஃப்ரூட், பைன், கொஞ்சம் கேரமல்.' நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு வந்த டீக்கடைக்காரருக்கு எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தோம். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "நாரத்தங்காயை உப்புப் போடாம, வறுத்த கஞ்சித்தண்ணியில ஊறப்போட்டாப்புல இருக்கு தம்பி." நாங்கள் அசந்துபோய்ப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. உடனே பின்வாங்கிவிட்டார்: "நம்மளுக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது. கிக்கு கம்மி. அம்புட்டுதேன்."

முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் இடையில் என்ன நடந்தது? சொல்லத் தெரிந்த ஒருவர், சொல்லி முடித்த கையோடு, தனக்குச் சொல்லத் தெரியாது என்று ஏன் சொல்கிறார்?

2

முதலில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பார்த்துவிடுவோம். பீர் என்பது அடிப்படையில் கஞ்சித்தண்ணிதான். பார்லியை ஊறவைத்து முளைகட்டவிடுகிறார்கள். கேழ்வரகை முளைகட்டி மாவரைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. முளையைச் சூட்டில் உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டால் இந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. வடித்து எடுப்பது இனிப்பான கஞ்சித்தண்ணி. அதில் ஹாப் என்னும் கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். குளிரில் மெதுவாகப் புளிக்கவைத்து வாரக்கணக்கில் கிடத்தி எடுப்பது லாகர். நம்மூரில் பீர் என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு இதுதான். சற்று வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிக்கவைப்பது ஏல். அந்தச் சூட்டில் ஈஸ்ட், பழவாசனை தரும் சில பொருட்களையும் சேர்த்து உண்டாக்கிவிடும்.

'வறுத்த' என்று அவர் சொன்னதும் சரியே. முளையை உலர்த்துகிற சூட்டைப் பொறுத்துத்தான் நிறமும் வாசனையும். பழைய இங்கிலாந்தில் விறகுச் சூட்டில் உலர்ந்த முளை கறுத்துப் புகை நாறும். 17-ஆம் நூற்றாண்டில் நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் அடுப்புக்கு வந்த பிறகே, புகையில்லாமல் வெளிறிய முளையைத் தாராளமாக எடுக்க முடிந்தது. 'பேல்' என்றால் வெளிறியது. இன்று நமக்கு அது தங்கநிறம், இந்த ஏலைப் பொறுத்தவரை பால் விடாத டீயின் நிறம். அன்று கறுப்பு பீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது வெளுப்பு.

நாரத்தங்காய்? ஹாப், கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. (வட்டக்கானலில் இதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்பவர் இருக்கமாட்டார்.) அதன் பூவில் உள்ள பிசின், கொதிக்கக் கொதிக்கக் கசப்பாகிறது. அது கிருமிகளையும் தடுக்கும். கொதி அடங்கும் நேரத்தில் போடும் பூ கசப்பைவிட வாசனையைத் தருகிறது. இந்த பீரில் போடுவது 'காஸ்கேட்' என்ற அமெரிக்க ஹாப். 1972-இல் பயிருக்கு வந்த ரகம். அமெரிக்க பேல் ஏலின் முகமே அதுதான். ஹாப் எண்ணெயில் முக்கியமான மிர்சீன் என்ற பொருள் பைன் ஊசியிலும் உண்டு, எலுமிச்சை நாரத்தை வகையறாவின் தோலிலும் கொஞ்சம் உண்டு. எனவே 'கிரேப்ஃப்ரூட், பைன்' என்ற ஆங்கிலச் சுவைக்குறிப்பும் 'நாரத்தங்காய்' என்ற வட்டக்கானல் சுவைக்குறிப்பும் ஒரே வாசனையைத்தான் தொடுகின்றன. ஒரே வித்தியாசம், எங்கள் மூவரில் இருவர் கிரேப்ஃப்ரூட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஊரும் ஒத்துழைத்தது என்று சொல்ல வேண்டும். சமவெளியில் பீர் என்றால் 'கூலிங்'. நாக்கு மரத்துப்போகிற குளிரில் கசப்பும் தெரியாது, வாசனையும் எழும்பாது. ஏலை 10 முதல் 13 டிகிரி வரையில் குடிக்கச் சொல்வார்கள். வட்டக்கானலில் அன்று இரவு ஜன்னல் திட்டில் வைத்த டப்பா எந்தக் குளிர்பெட்டியும் இல்லாமல் அந்தச் சூட்டில்தான் இருந்தது. இவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டப்பாவைத் திறந்ததும் வாயு வேகமாக வெளியேறி நுரை பொங்கிவிட்டது. முதல் டப்பாவில் கால்வாசி மேஜைக்குப் போனது. அனுபவம்.

3

'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேல் ஏலின் கசப்பு கூடிய தம்பி. இந்தியாவுக்கென்றே ஒருவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மை இவ்வளவு அழகானதில்லை. லண்டனில் போ என்னுமிடத்தில் 1752 முதல் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் குடும்பம் பீர் வடித்துவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறை பக்கத்தில். கப்பல் தலைவர்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றி வந்து விற்றுக்கொள்ளலாம். ஹாட்ஜ்சன் அவர்களுக்கு நீண்ட தவணைக்குக் கடன் கொடுத்தார். ஹாப் அதிகம் போட்ட பீர், பீப்பாயில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஆடி அசைந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேரும்போது நன்றாக முற்றியிருந்தது. 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். அவ்வூர்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஜிப்சம் கசப்பைக் கூர்மையாக்கிக் கொடுத்தது. 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் தென்படுவது 1829-இல், அதுவும் சிட்னி நகரத்துப் பத்திரிகை விளம்பரத்தில்.

யார் குடித்தார்கள்? கலெக்டர்களும் அதிகாரிகளும் வியாபாரிகளும். சாதாரணச் சிப்பாய்க்குக் கறுப்பான போர்ட்டர் போனது. ஆக இந்தியாவின் பெயர் தாங்கிய இந்தச் சுவையில், வெள்ளையர்களுக்குள்ளேயே வர்க்கம் பிரிந்திருந்தது. இந்தியர் அதில் எங்கும் இல்லை, பீப்பாயை இறக்கிச் சுமந்தவர்கள் என்ற இடத்தைத் தவிர. பிறகு நீலகிரியிலேயே பீர் ஆலைகள் வந்தன. குளிரும் இருந்தது, குடிக்கப் பட்டாளமும் இருந்தது. 1857-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் காசில் புருவரியையும் நீலகிரி புருவரியையும் உள்ளிட்ட ஐந்து ஆலைகளை 1915-இல் தாமஸ் லீஷ்மன் ஒன்றாக்கியதுதான் யுனைடெட் புருவரீஸ்.

கொடைக்கானலின் கதை வேறு. இங்கே 1845-இல் முதலில் வீடு கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி வந்தவர்கள். ஜப்பானிய டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு உறைத்தது இதுதான். அதைத் தயாரிக்கும் யோ-ஹோ நிறுவனத்தின் ஊர் நாகானோ மாநிலத்துக் கருயிசாவா. அதுவும் மலைவாசஸ்தலம். 1886-இல் அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா என்ற கனடா நாட்டு மிஷனரி கோடைக்கு அங்கே போய்த் தங்கியதிலிருந்துதான் அது மலைவாசஸ்தலம் ஆனது. பாதிரிகள் கண்ட இரண்டு குளிர் ஊர்கள். ஒன்றைச் சேர்ந்த நிறுவனத்தின் பீரை மற்றொன்றில் குடிக்கிறோம். கருயிசாவாவில் 1914 முதல் விடுதி நடத்திவரும் ஹோஷினோ குடும்பத்தின் வாரிசு அமெரிக்காவில் படித்தவர். அவர்தான் இந்த பீர் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1997-இல் விற்பனைக்கு வந்தது. 2014-இல் கிரின் நிறுவனம் மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டது.

இதே நிறுவனத்தின் இந்தியா பேல் ஏலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'இந்தோ நோ ஆவோஒனி'. இந்தியாவின் நீலப் பூதம். ரோலான் பார்த் 1970-இல் 'குறிகளின் பேரரசு' எழுதியபோது, தான் பேசுவது உண்மையான ஜப்பானைப் பற்றி அல்ல, ஜப்பான் என்று தான் பெயரிட்ட ஒரு குறி அமைப்பைப் பற்றி என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டார். இங்கே ஜப்பான் திருப்பிச் செய்கிறது. லண்டன் வழியாக, அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்த 'இந்தியா' என்ற குறிப்பான், நாகானோவில் கசப்பின் பெயராக நிற்கிறது. அந்த இந்தியாவுக்குள் எங்கள் டீக்கடைக்காரர் இல்லை.

4

ஜப்பானுக்கும் பீர் வெளியிலிருந்து வந்ததுதான். யோகோஹாமாவில் 1870 வாக்கில் வில்லியம் கோப்லாண்ட் நடத்திய ஆலை இருந்த இடத்தில்தான் பிற்பாடு கிரின் முளைத்தது. முதலில் ஆங்கிலேய ஏல். பிறகு மெய்ஜி அரசு ஜெர்மனியைப் பார்த்துக் கற்கத் தொடங்கியதும் லாகர். ஆனால் வந்த பண்டத்துக்கு அவர்கள் சொல் உண்டாக்கிக்கொண்டார்கள். 'கோக்கு' என்றால் வாய் நிறைந்து நிற்கும் கனம். 'கிரே' என்றால் விழுங்கியதும் சுவை சட்டென்று அறுந்துபோவது. 'நொதோகோஷி' என்றால் தொண்டையைக் கடக்கும்போது உண்டாகும் உணர்வு. நாக்குக்கு மட்டுமில்லை, தொண்டைக்கும் சொல் இருக்கிறது! 1987-இல் அசாஹி நிறுவனம் 'சூப்பர் ட்ரை' கொண்டுவந்தபோது விற்றது 'கராகுச்சி' என்ற சொல்லைத்தான். 'கராய்' என்றால் காரம், 'குச்சி' என்றால் வாய். காரவாய்! சுசுமு ஓனோ ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு காட்ட உழைத்ததும், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்காததும் வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை. இனிப்பில்லாத ஒரு பானத்தைக் காரம் என்று சொல்லத் துணிகிற மொழித் தன்னம்பிக்கையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஏதோ ஜப்பானியருக்கு இயல்பாக அமைந்த ரசனை என்று எண்ணிவிடக் கூடாது. சட்டம் அங்கேயும் நாக்கைப் பிசைந்திருக்கிறது. மதுவரி அரசின் பெருவருமானமாக இருந்த காலத்தில், 1899-இல், வீட்டில் மது வடிப்பது முழுக்கத் தடைசெய்யப்பட்டது. குடியானவர் வீட்டுப் பானையில் இருந்த 'தொபுரோகு' என்னும் கலங்கல் அரிசிக்கள் குற்றமாயிற்று. 1994 வரை ஆண்டுக்கு 2000 கிலோலிட்டர் வடிக்க முடிந்தவருக்குத்தான் பீர் உரிமம். அந்த ஆண்டு அதை 60 ஆகக் குறைத்த பிறகே சிற்றாலைகள் முளைத்தன. யொனா யொனா அதில் ஒன்று. அதே 1994-இல், முளை குறைந்தால் வரி குறைவு என்ற ஓட்டையைக் கண்டுபிடித்து, முளை 65 சதம் மட்டும் போட்ட பானத்தை சன்டோரி கொண்டுவந்தது. ஒரு தலைமுறையே அந்த மெலிந்த சுவையை பீர் என்று பழகிக்கொண்டது. சுவை அரசாங்க கெஜட்டிலும் உற்பத்தியாகிறது.

5

இப்போது டீக்கடைக்காரரின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம்.

கான்ட் 1790-இல் எழுதிய நூலில், கனாரித் தீவு ஒயின் 'இனியது' என்று ஒருவன் சொன்னால் 'எனக்கு இனியது' என்று திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். நாக்கின் இன்பம் அவரவர் சொந்த விஷயம், அழகைப் பற்றிய தீர்ப்புத்தான் எல்லோருடைய ஒப்புதலையும் கோரும். பியர் பூர்தியூ 1979-இல் இதைத் தலைகீழாகத் திருப்பினார். நாக்கும் சொந்தமில்லை. உழைப்பவர் உணவில் அளவையும் திடத்தையும் தேடுவது 'தேவையின் சுவை'. வசதி உள்ளவர் வடிவத்தையும் முறையையும் தேடுவது 'சுதந்திரத்தின் சுவை'. பின்னது பண்பாட்டு மூலதனமாகி முன்னதை இழிவாக்குகிறது.

'கிக்கு கம்மி' என்பதைக் கேட்டதும் எங்களுடன் இருந்த கல்லூரி ஆசிரியர் பூர்தியூவைத்தான் எடுத்தார். தேவையின் சுவை பேசுகிறது என்றார். பாதி சரி. மூலதனத்தின் மொழி 'கிரேப்ஃப்ரூட்' என்று பேசுகிறது, உழைப்பின் மொழி 'கிக்' என்று பேசுகிறது. ஆனால் 'நாரத்தங்காய்' என்ற முதல் வாக்கியத்தை இந்தச் சட்டகத்துக்குள் எங்கே வைப்பது? அதில் வடிவம் இருக்கிறது, ஒப்புமை இருக்கிறது, 'உப்புப் போடாம' என்று விலக்கிச் சொல்கிற நுட்பம் இருக்கிறது. அந்த மனிதருக்குச் சுவை இல்லாமலில்லை. அதை வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்று அவரே நம்பும்படி ஆகியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள பாரிஸ் போதாது, தமிழ்நாட்டுக் கலால் வரலாறு வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது வடிக்கும் முறை விவரமாக வருகிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, 'நல்லடை' கலந்து, ஜாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அரித்து வடிக்கிறார்கள். அந்த அடையை நெல்முளை இடித்தது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அப்படியானால் இது முளையின் நொதியால் மாவைச் சர்க்கரையாக்குகிற முறை, அதாவது பீரின் முறை. மலைபடுகடாம் மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் முற்றவைத்த தேன்கள்ளைச் சொல்கிறது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என்று சொற்கள். தெளிந்ததற்கு ஒன்று, பிழிந்து எடுத்ததற்கு ஒன்று, அரித்து வடித்ததற்கு ஒன்று. அதியமான் இறந்தபோது ஔவை நினைத்து அழுவது, கொஞ்சமே கள் கிடைத்தாலும் தனக்குத் தந்துவிட்ட அவன் குணத்தை. அதே மொழியில்தான் 'கள்ளுண்ணாமை' என்ற குறள் அதிகாரமும் இருக்கிறது. இரண்டும் நம்முடையவை. ஆனால் இரண்டாவதை மட்டும் பள்ளிக்கூடச் சுவரில் எழுதினோம்.

இன்றைய சொற்களை எடுத்துப் பாருங்கள். குவார்ட்டர், ஆஃப், கட்டிங், ஃபுல்: எல்லாம் அளவு. ஸ்ட்ராங், கிக், ஏறிடுச்சு, மட்டை: எல்லாம் விளைவு. கூலிங்: வெப்பநிலை. சரக்கு: எதுவாகவும் இருக்கலாம். சுவையைச் சொல்ல ஒரு சொல் இல்லை. சுவையெல்லாம் 'சைட் டிஷ்'ஷுக்குப் போய்விட்டது. மாங்காய்க்கும் ஊறுகாய்க்கும் ஆயிரம் வர்ணனை, பாட்டிலுக்கு ஒன்றுமில்லை.

இது தானாக நிகழவில்லை. 1886 சென்னை அப்காரிச் சட்டம் மரத்தையும் கடையையும் வரிக்குள் கொண்டுவந்தது. ஏறுகிற ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், இழந்த வருமானத்துக்கு 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. கையில் 'பெர்மிட்' உள்ளவர் கிளாஸில் ஊற்றிக் குடிக்கலாம், இல்லாதவர் கள்ளச்சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஓட வேண்டும். நின்று ருசிக்க நேரம் ஏது? 1971-இல் விலக்கு நீங்கி, சில ஆண்டுகளில் மறுபடி வந்து, 1981-இல் மறுபடி நீங்கியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம். 1987 தொடக்கத்தில் கள்ளுக்குத் தடை. இன்றுவரை நீங்கவில்லை. 2003 முதல் மற்ற மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில்.

மறுபடி சொல்கிறேன்: ஜப்பானில் 'காரவாய்' என்ற சுவைச்சொல் கடைக்கு வந்த 1987-இல், தமிழ்நாட்டில் கள் என்ற சுவையே குற்றமாயிற்று. காலையில் இறக்கியது இனிக்கும், வெயிலேற ஏறப் புளிக்கும், சாயங்காலம் உறைக்கும் என்று மணிக்கணக்கில் சுவையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு தொழில் மரபு, போலீஸ் வழக்காக மாறியது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. டீக்கடைக்காரர் சின்ன வயதில் தென்னங்கள் குடித்திருக்கிறார், அவருடைய தாத்தா மரமேறி. நாரத்தங்காய் வாக்கியம் அந்த நாக்கிலிருந்து வந்தது. 'கிக்கு கம்மி' என்ற வாக்கியம், கம்பித் தடுப்புக்குள் கையை நீட்டிக் காசு கொடுத்து, 'ஒரு பீர்' என்று மட்டும் கேட்டு, கொடுத்ததை வாங்கிவந்த பிற்காலத்து நாக்கிலிருந்து வந்தது.

மலையில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. உட்கார இடமில்லாத குடி, சோலையின் விளிம்புக்கும் சாலை வளைவுக்கும் போகிறது. அவசரமாகக் குடித்து, பாட்டிலைப் பள்ளத்தில் எறிகிறது. உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற இடங்களுக்கும் விரிந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் குடிப்பவருக்கு அந்தப் பாட்டிலில் மதிப்புள்ளதாக அரசு கண்டது காலியான பிறகுதான் என்பது வேடிக்கையாக இல்லை?

6

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கோபப்படலாம். படவும் வேண்டும். அந்தக் கோபம் அன்றிரவே டீக்கடைக்காரரின் மனைவியிடமிருந்து வந்தது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றிருந்த அக்கா சொன்னார்: "ருசி பாத்துக் குடிக்கிறவன் வீட்லயும் அடுப்பு எரியணும்ல?" யாரிடமும் பதில் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலிகள். அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும் நிற்கிற தெருவில் போய்ச் சுவைக்குறிப்பு வாசிப்பது ஆபாசம். குடியால் அடி வாங்குகிறவர்கள், கூலியை இழக்கிறவர்கள் பெண்கள். சுவை பற்றிய பேச்சு இதுவரை ஆண்கள் மேஜையில் நடந்திருக்கிறது, எங்கள் மேஜையும் விலக்கில்லை. ஐந்தாவது டப்பாவை அக்காவுக்குக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மெத்தனாலை எத்தனாலிலிருந்து நாக்கால் பிரிக்க முடியாது. ரசனை வந்தால் உயிர் பிழைப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சுவைக்கு எந்த மதிப்பும் இல்லாமல், அளவும் ஏறுதலும் மட்டுமே கணக்கு என்று ஆகிவிட்ட சந்தையில்தான் எதை வேண்டுமானாலும் ஊற்றிக் கொடுக்க முடிகிறது. மரத்திலிருந்து இன்ன நேரத்தில் இறங்கியது, இன்னார் இறக்கியது என்று தெரிந்து குடிக்கிற இடத்தில் குடிப்பவனுக்குக் கேள்வி கேட்க உரிமை இருந்தது. 'இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்கலாம். டாஸ்மாக் ஜன்னலில் அதைக் கேட்க முடியாது, கள்ளச்சாராயப் பையிலும் கேட்க முடியாது. சுவை என்பது கடைசியில் கேட்கிற உரிமைதான். மதுவிலக்கு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் குடிப்பவனை ஒரு வயிறாக, ஒரு வருமானமாக, ஒரு குற்றமாகப் பார்க்கிறார்கள். அவனுக்கு ஒரு நாக்கு இருப்பதை இரு தரப்பும் கணக்கில் எடுக்கவில்லை. வயிறாக மட்டும் நடத்தப்பட்டவன் வயிறாகவே குடிக்கிறான். அக்காவின் அடுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் கணக்கு இல்லை.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது கடையில் டீ குடித்தோம். நோட்டை எடுத்து 'கிரேப்ஃப்ரூட்' என்பதை அடித்துவிட்டு 'நாரத்தங்காய், உப்பில்லாமல். வறுத்த கஞ்சித்தண்ணி' என்று எழுதினேன். எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், ஒரு பத்திரிகைக்கு எழுதப்போகிறேன், நீங்கள் சொன்னது என்று உங்கள் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. பொண்ணு கட்டிக்குடுத்த வீட்ல யாராச்சும் பாத்தா அசிங்கம். நீங்க சொன்னதாவே போட்டுக்கங்க" என்றார்.

தோக்கியோ நண்பரின் பேரைக் கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பார்.